தொட்டியில் ஊறும் பட்டம்

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் காத்திருந்த எல்லோர் மடியிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை இருந்தது. படிப்பை முடித்தவர்கள், முடிக்கப்போகிறவர்கள். படிக்க வந்த நாட்டில் இனி எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இருப்பது என்று கேட்க வந்தவர்கள். அவன் மடியிலும் ஓர் உறை. மற்றவர்களிடம் இல்லாத ஒரு காகிதம் அதில் இருந்தது. அவன் மனைவியின் இறப்புச் சான்றிதழ்.

ஆலோசகர் அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா."

"எப்படி ஆச்சு?"

"ஆபீஸ்ல. தலை வலிக்குதுன்னு மேஜையில சாஞ்சிருக்கா. தூங்குறாளோன்னு நெனச்சிருக்காங்க."

இந்த மூன்று வாக்கியங்களை அவன் பலரிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் வந்தன.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க இப்ப எந்த பர்மிட்ல இருக்கீங்க?"

"அவ பர்மிட்ல. டிபென்டன்ட்."

"அவங்க பர்மிட் அவங்களோட முடிஞ்சுபோச்சு, தம்பி. உங்களுக்கு மாசக் கடைசி வரைக்கும் அவகாசம் இருக்கு. அதுக்குள்ள உங்க பேர்ல ஏதாவது ஒண்ணு வேணும். இல்லைன்னா கிளம்பணும்."

"என்ன ஒண்ணு?"

அவர் இதைத் தினமும் சொல்பவர். ஆனாலும் மெதுவாகச் சொன்னார். ஒரு கம்பெனி உங்களை இன்ஜினியராக எடுத்துக்கொண்டு பொறுப்பேற்கலாம். அல்லது வேறு படிப்பில் சேர்ந்து மறுபடி மாணவனாகலாம். அல்லது படித்து முடித்தவர்களுக்கென்று கொடுக்கிற வேலை பர்மிட். பட்டம் வாங்கினால் கிடைக்கும், ஆயுசுக்கு ஒருமுறை.

"அந்த மூணாவதை நீங்க வாங்கவே இல்லையே. உங்ககூடப் படிச்சவங்க எல்லாம் எப்பவோ வாங்கிட்டாங்க."

"நான் இன்னும் முடிக்கலைம்மா. தீசிஸ் குடுக்கலை."

"ஏன்?"

அவன் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாக இருக்கும். அன்று அவர்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

யோசனை வக்கீலுடையது. வக்கீல் என்பது பட்டப்பெயர். அவனோடு ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருக்கிறவன், கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்க்கிறவன். மூன்று விதமான விசாவில் இருந்து, இரண்டு முறை மறுக்கப்பட்டு, அந்த அனுபவத்தில் தெருவுக்கே சட்டம் சொல்லும் நிலைக்கு வந்தவன். கல்யாணமாகி இருவரும் அந்த வீட்டில் குடியேறிய புதிதில், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பட்டம் வாங்கினா, ரெண்டு பேர் பர்மிட்டும் ஒரே நேரத்துல தீந்துபோகும். அது ரெண்டு மெழுகுவத்தியையும் ஒண்ணா ஏத்துற மாதிரி. அம்மணி முதல்ல ஏத்தட்டும். நீ அவங்க வெளிச்சத்துல உக்காரு. அது அணையுற நேரத்துல நீ பட்டம் வாங்கி உன்னுதை ஏத்து. அவங்க உன் பக்கத்துல உக்காருவாங்க. இருப்பு இரட்டிப்பு."

அவள் கைதட்டினாள். அவள் புள்ளியியல் படித்தவள், கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக வருகிறது என்றாள். அவள் பட்டம் வாங்கினாள், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் அவள் பெயரின் கீழ் டிபென்டன்ட் ஆனான். அந்த உரிமையில் ஒரு கட்டுமானப் பொருள் சோதனைக் கம்பெனியில் டெக்னீசியனாகச் சேர்ந்தான்.

தீசிஸை நிறுத்திவைக்க அவனுக்கு நல்ல சாக்கு இருந்தது. சிமென்டில் ஒரு பங்கைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து செய்யும் கான்கிரீட்தான் அவன் ஆய்வு. சாம்பல் கலந்தது மெதுவாகத்தான் இறுகும். நாளாக ஆகப் பலம் கூடும். எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க ஆறு கட்டிகளைக் கல்லூரி லேபின் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தான். ஒரு வருடம் ஊறியதும் எடுத்து உடைக்க வேண்டும். வருடம் முடிந்தது. அவன் உடைக்கவில்லை. நீண்டகாலச் சோதனை இன்னும் நடக்கிறது என்று கைடிடம் சொல்லித் தவணை வாங்கினான். கைடுக்கு அவனைப் போல ஒன்பது பேர். சரி என்றுவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர் பட்டம் தொட்டியில ஊறுது" என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். "நல்லா ஊறட்டும், அப்பதான் வேகும்."

அவள் மெழுகுவர்த்தி பாதியில் அணைந்துவிட்டது. அவன் உட்கார்ந்திருந்தது அதன் வெளிச்சத்தில்.

கம்பெனியில் மேலாளர் கெட்டவர் இல்லை. "உனக்கு இப்ப வேலை பார்க்க உரிமை இல்லைப்பா, உள்ள விட்டா எனக்குத்தான் வம்பு. அடையாள அட்டையைக் குடுத்துட்டுப் போ. இன்ஜினியர்னு எடுக்க எனக்கு ஆசைதான். பட்டம் எங்க? காகிதத்தோட வா, உன் நாற்காலி அங்கயேதான் இருக்கும்" என்றார். அவன் அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். மறுபடி மாணவனாகச் சேர்வதை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. முதல் நாள் வகுப்பில் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள்.

மிச்சம் அந்த ஆறு கட்டிகள்.

மாணவர் அலுவலகத்திலிருந்து அவன் வந்தபோது வக்கீல் தூங்கி எழுந்து சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அவள் போன பிறகு வக்கீல் அவன் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. அடுப்பைப் பார்த்துப் பேசுவான்.

"என்ன சொல்லுச்சு அந்தம்மா?"

"தீசிஸ் முடிச்சா பர்மிட் கிடைக்கும்னாங்க."

"அப்புறம் என்ன? முடி."

"கட்டியை உடைக்கணும்."

"உடை."

அவன் கதவுநிலையில் சாய்ந்தான். வக்கீல் அடுப்பை அணைத்தான்.

"அம்மணி வந்து போட்டதா அது?"

"ம்."

முட்டையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை இன்னொரு தட்டில் வைத்து நகர்த்தினான். "உடைக்காமயே எழுத முடியாதா? இதுக்கு முன்னாடி நூறு உடைச்சிருப்ப. என்ன வரும்னு உனக்கே தெரியும். ஆறு நம்பரை எழுதி விடு. யாரு தொட்டிக்குள்ள தலையை விட்டுப் பார்க்கப்போறா?"

"தப்பு இல்லையா?"

"தப்புதான். நான் சொன்னதுல எது சரியா இருந்துச்சு?" வக்கீல் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் அன்னைக்கு வாயை மூடிட்டு வெங்காயம் உரிச்சிருக்கலாம்டா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"தெரியும். சாப்பிடு."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான்.

அறையில் எதுவும் மாறவில்லை. கட்டிலின் சுவரோரம் அவள் இடம். அவன் இன்னும் இந்த ஓரத்தில்தான் படுக்கிறான். அங்கே அவள் சார்ஜரின் வயர் தொங்குகிறது. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்துத் தலையணை உறையையும் சேர்த்துத் துவைக்கப் போடுகிறான், அழுக்காகவே இல்லாவிட்டாலும். சலவை இயந்திரத்தின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே சுற்றுவதைப் பார்ப்பான். அவள் அதற்கு நம்ம டிவி என்று பெயர் வைத்திருந்தாள்.

போன் வந்தது. மாமா. அவள் அப்பா.

"மாப்ளே, சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன் மாமா. நீங்க?"

"ஆச்சு. அத்தை மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டா." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "காகித வேலை என்னாச்சு?"

"மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்."

"முடியலைன்னா விடுங்க, மாப்ளே. வந்துருங்க. அங்க தனியா உக்காந்துக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? இங்க நாங்க இருக்கோம். உங்க அம்மா இருக்காங்க."

"பார்க்கிறேன் மாமா."

"நீங்க பார்க்கிறேன்னு சொன்னா பார்க்கமாட்டீங்க. அவ சொல்லுவா."

அம்மா இன்னும் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் உனக்கு என்ன வயசாயிடுச்சு என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். மூன்றாவது முறை ஒரு பெண்ணின் படம் வரும். அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. ஊரில் அவனும் அவளும் சேர்ந்து இருந்தது கல்யாணத்துக்குப் போன அந்த ஒரு விடுமுறையில்தான். அங்கே அவளை மருமகளாக, மகளாகத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் கையை அவன் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, உன் பையில ஏன் எப்பவும் மணல் இருக்கு என்று கேட்கிறவளை யாருக்கும் தெரியாது. அந்த நிறுத்தம் இங்கே இருக்கிறது. அந்த பெஞ்சும் இந்த அறையும் இங்கே இருக்கின்றன. ஊருக்குப் போனால் அவளிடமிருந்து அவனுக்கு மிஞ்சுவது ஒரு கல்யாண ஆல்பம்.

அவனுக்கு இங்கே இருக்க வேண்டும். இதை யாரிடமும் அவன் சொல்லவில்லை. காரணம் கேட்டால் சலவை இயந்திரத்தைக் காட்ட முடியாது.

கணினியைத் திறந்தான். தீசிஸின் கடைசி அட்டவணை காலியாக இருந்தது. ஆறு கட்டங்கள். வக்கீல் சொன்னது சரி, என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். முதல் கட்டத்தில் ஓர் எண் எழுதினான். இரண்டாவதில் அதைவிடக் கொஞ்சம் குறைத்து எழுதினான், நிஜம்போல் இருப்பதற்காக. மூன்று, நான்கு, ஐந்து. எந்த உறுத்தலும் இல்லை. கொஞ்ச நாளாக எதிலும் உறுத்தல் இல்லை.

ஆறாவது கட்டத்தில் நின்றுவிட்டான்.

அந்தக் கட்டிகளைப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேபில் வேறு மாணவர்கள் யாரும் இல்லை. கட்டி போட இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் அச்சைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கலவையைக் கொட்டி இரும்புக் கம்பியால் குத்த. உள்ளே காற்று நிற்காதபடி எண்ணிக் குத்த வேண்டும். அவள் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அச்சைப் பிடித்தாள். ஐந்து முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"ஒண்ணை நான் குத்துறேன். குடு."

"இது விளையாட்டு இல்லை. எண்ணிக் குத்தணும்."

"எண்ணுறதுக்குத்தான் பட்டமே குடுத்திருக்காங்க எனக்கு. தள்ளு."

குத்தினாள். பாதியில் ஏதோ பாட்டு அவள் வாயில் வந்துவிட்டது. கம்பி பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தது.

"எண்ணினியா?"

"எண்ணினேன். நடுவுல சரணம் வந்துருச்சு, அதுல கொஞ்சம் விட்டுப்போச்சு."

"போச்சு. இது தேறாது."

"தேறும். என்னைக் கட்டிக்கிட்ட நீயே தேறலையா?"

மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் எண் கீற வேண்டும். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அவளே கீறினாள், ஒன்று முதல் ஆறு வரை. ஆறுக்கு வயிறு பெரிதாகிவிட்டது. குத்தின களைப்பு என்றாள்.

ஆறாவது கட்டி எவ்வளவு தாங்கும்? சரணத்தில் எத்தனை குத்து விட்டுப்போயிற்று? அவனுக்குத் தெரியவில்லை. மற்ற ஐந்துக்கும் அவன் எழுதியது பொய்யானாலும், எழுதத் தெரிந்த பொய். ஆறாவதற்கு ஓர் எண்ணும் வரவில்லை. மற்றவற்றோடு ஒட்டியபடி ஒன்றை எழுதினால், அவள் ஒழுங்காக எண்ணிக் குத்தினாள் என்று ஆகிவிடும். அவள் குத்தவில்லை. பாடிக்கொண்டிருந்தாள்.

ஐந்து எண்களையும் அழித்துவிட்டுக் கணினியை மூடினான்.

மறுநாள் காலை லேபுக்குப் போனான். லேப்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இயந்திரங்களையும் தொட்டியையும் பார்த்துக்கொள்கிறவர். நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க. வழி தெரிஞ்சுதா? உங்க கட்டி ஆறும் தொட்டியில குடித்தனமே பண்ணுது. வாடகை கேக்கலாம்னு இருக்கேன்."

"இன்னைக்கு உடைச்சுடறேன், அண்ணே."

"நல்ல காரியம். அன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்களே, லேப் பூரா தண்ணியைக் கொட்டிட்டு என்கிட்டயே துடைப்பம் கேட்டாங்க. உங்க வீட்டம்மாதானே? கூட்டிட்டு வரலையா?"

அவன் அந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னான்.

லேப்காரர் டீயைக் கீழே வைத்தார். உள்ளே போய் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். அவனுக்கு முன்பே தொட்டிக்குள் கையை விட்டு முதல் கட்டியை எடுத்துத் துணியால் ஒற்றினார். எப்போதும் மாணவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறவர்.

கட்டியை இயந்திரத்தில் வைக்கும்போது அச்சுக்குள் இருந்த வழவழப்பான பக்கங்கள் மேலும் கீழும் வரவேண்டும். எண் கீறிய முகம் பக்கவாட்டில் திரும்பும், நிற்கிறவனைப் பார்த்தபடி. நூறு முறை இப்படித்தான் வைத்திருக்கிறான். அந்த முகத்தை இதற்கு முன் கவனித்ததில்லை.

ஒன்று. அவள் கையெழுத்தில், மேலே சின்ன மூக்கோடு. அழுத்தம் மெதுவாக ஏறியது. முதலில் பொரிவதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒரு இடி. நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவில் இரண்டு கூம்புகள் முனையோடு முனை நின்றன. நல்ல கட்டி அப்படித்தான் உடையும். எண்ணைக் குறித்தான். நேற்று எழுதி அழித்ததைவிட அதிகம் தாங்கியிருந்தது.

இரண்டும் மூன்றும் அப்படியே. நான்கை வைக்கும்போது லேப்காரர் கேட்டார், "மிச்சத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாமா, தம்பி?"

"இல்லைண்ணே. முடிச்சிடுவோம்."

ஐந்து முடிந்தது. ஆறாவதை அவனே தொட்டியிலிருந்து எடுத்தான். ஒரு மூலையில் காற்று நின்ற குழிகள், விரல் நுனி நுழையும் அளவுக்கு. அன்றே பார்த்திருந்தான், அவளிடம் சொல்லவில்லை. துடைத்து வைத்தான். வயிறு பெருத்த ஆறு அவனைப் பார்த்தது.

சத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. கூம்பு நிற்கவில்லை. குழி இருந்த மூலையிலிருந்து குறுக்கே பிளந்து, ஒரு பக்கமாகச் சரிந்தது. எண் இருந்த முகம் மூன்று துண்டாகத் தட்டில் விழுந்தது.

லேப்காரர் வாளியோடு நின்றார். "அந்தத் துண்டை எடுத்துக்கறீங்களா?"

அவன் பார்த்தான். மூன்றையும் சேர்த்து வைத்தால் ஆறு வரும்.

"வேண்டாம்ணே."

திரையில் இருந்த எண்ணைக் குறித்தான்.

கைடு அட்டவணையைப் பார்த்ததும் முதலில் விரலை வைத்தது ஆறாவது கட்டத்தில்தான்.

"அஞ்சு நல்லா வந்திருக்கு. நான் எதிர்பார்த்ததைவிட நல்லா. இது மட்டும் ஏன் இப்படி விழுந்துச்சு?"

"குத்தினது சரியில்லை சார். உள்ள காத்து நின்னுருச்சு."

"நீ குத்தினதா?"

"இல்லை சார். என் வொய்ஃப்."

கைடு நிமிர்ந்தார். அவருக்கு விஷயம் தெரியும். பேனாவை மூடினார், திறந்தார்.

"வேணும்னா இதை எடுத்துடலாம். அஞ்சோட சராசரியே போதும். யாரும் கேக்கமாட்டாங்க."

"இருக்கட்டும் சார்."

"இருந்தா காரணம் எழுதணும்."

"எழுதறேன் சார்."

"காரணம் மட்டும் போதும். ஆள் வேண்டாம்."

அட்டவணைக்குக் கீழே அவன் ஒரு வரி எழுதினான். ஆறாவது கட்டியின் வலிமைக் குறைவுக்கு வார்ப்பின்போது போதிய அளவு குத்தப்படாததே காரணம். கைடு கையெழுத்துப் போட்டார். மாசக் கடைசிக்கு முன் கல்லூரி அவன் படிப்பை முடித்ததாகக் கடிதம் கொடுத்தது. ஆலோசகர் அம்மா விண்ணப்பத்தைத் தானே சரிபார்த்து அனுப்பினார்.

அன்று மாமாவை அவனே கூப்பிட்டான்.

"மாமா, நான் இங்கயே இருக்கேன்."

பின்னணியில் அத்தை யார் என்று கேட்பது கேட்டது.

"சரி மாப்ளே," என்றார் மாமா. "அவ அங்கதான் சந்தோஷமா இருந்தா. போன்ல சிரிக்கிற சத்தத்துலயே தெரியும். அந்த வீட்டுலயேவா இருப்பீங்க?"

"அதே ரூம்தான்."

"அப்ப சரி. சாப்டீங்களா?"

பர்மிட் அட்டை தபாலில் வந்தது. வக்கீல்தான் வாங்கி வைத்திருந்தான். வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

"உன் பேர் மட்டும்தான் இருக்கு," என்றான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் பழைய அட்டைகள் இரண்டும் இன்னும் இருந்தன, அவளுடையதும், அவள் பெயரின் கீழ் அவன் பெயர் இருந்ததும். புதியதை எங்கே வைப்பது என்று வக்கீல் கேட்கவில்லை. அவன் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

மேலாளர் சொன்னபடி நாற்காலி அங்கேயேதான் இருந்தது. புதிய அடையாள அட்டையில் இன்ஜினியர் என்று போட்டிருந்தார்கள். வேலை பழைய வேலைதான். முதல் நாளே ஏதோ ஒரு பாலத்தின் கான்கிரீட் கலவை சோதனைக்கு வந்து இறங்கியது. உடன் வேலை பார்க்கிறவர் விடுப்பில் இருந்ததால் அச்சைப் பிடிக்க ஆள் இல்லை. முழங்காலால் இடுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினான். சரியாக எண்ணிக் குத்தினான். மாலைவரை பழைய கட்டிகள் ஊறும் சுண்ணாம்புத் தண்ணீரில் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டான். உள்ளே மணல் நறநறத்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவினான். உள்ளங்கை கன்னத்தில் உப்புத்தாள்போல் இழுத்தது. அவள் இருந்திருந்தால் அந்தக் கையோட என்னைத் தொடாதே என்று சொல்லி எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் போட்டிருப்பாள்.

பாட்டில் அலமாரியில் இருந்தது. எடுத்து, இரண்டு கைக்கும் தடவிக்கொண்டான். பிறகு கட்டிலில் தன் ஓரத்தில் உட்கார்ந்து, கை காயும்வரை எதையும் தொடாமல் இருந்தான்.